சாப்பாட்டுக்குப் பின்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர் வேலை என்பது, மற்ற ஐந்து பேர் அறைக்குள் உட்கார்ந்து செய்வதற்கெல்லாம் ஜன்னல் வழியாகத் திட்டு வாங்கும் உத்தியோகம். உங்களில் யாராவது கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று பிழைப்பவராக இருந்தால் விளக்கம் தேவையில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

யார் டாக்டர்?

விளாத்திகுளத்திலிருந்து குளத்தூர் போகும் பக்கம் எங்கள் நிலையம். சேலை கட்டிய எல்லாரும் இங்கே நர்சம்மா. நான் நர்சம்மா, ரத்தம் எடுக்கும் லேப் செல்வி நர்சம்மா, நிஜமான நர்ஸ் பெரிய நர்சம்மா. எங்கள் டாக்டரும் பெண்தான். அவரையும் போன வாரம் ஒருவர் நர்சம்மா என்று கூப்பிட்டுவிட்டு, "பெரிய டாக்டர் எப்ப வருவாவ?" என்று கேட்டார். வாரத்துக்கு ஒருநாள் வரும் பிசியோதெரபிஸ்ட் தம்பிக்கு மட்டும் ராஜ மரியாதை.

சவரியம்மாள் அக்காவும் அந்தக் கட்சிதான். மிளகாய்க் காடு வைத்திருப்பவர், சுகர் உண்டு. வலது கால் சுண்டுவிரலில் முள் குத்தி, புண் ஒரு மாதமாக ஆறவில்லை. "சுகர் இறங்கலைன்னா விரலை எடுக்க வேண்டி வரும்" என்று டாக்டர் தெளிவாகச் சொல்லி அனுப்பினார். அக்கா நேராகப் பிசியோ தம்பியிடம் போய்க் காலை நீட்டிவிட்டார். அவர் மூட்டுவலி பார்ப்பவர் என்று நான் தொண்டை வற்றச் சொன்னேன். "அந்தம்மா எழுதத்தான செஞ்சாவ, தொட்டுப் பாத்தவரு இவருல்லா!" என்றார் அக்கா.

வெறும் வயிறு

ஒவ்வொரு தடவையும் செல்வி, "சாப்பிட்டீங்களா அக்கா?" என்று கேட்பாள். "இல்லம்மா, இன்னும் சாப்பிடல" என்பார் அக்கா. ரத்தம் எடுத்துப் பார்த்தால் சுகர் கூரையில் நிற்கும். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அடுத்த தடவை இன்னும் ஏறியிருந்தது.

செல்வி சீட்டைத் தூக்கிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தாள். மெஷினில் கோளாறு இருக்கும், போய்ப் பார் என்றேன். அவளுக்கு வந்ததே ஒரு கோபம்! வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கத்தினாள். "எம் மெஷினு பொய் சொல்லாது அக்கா, மொதல்ல ஒங்க மாத்திரையப் பாருங்க!"

கட்டு

ஒருநாள் விட்டு ஒருநாள் பெரிய நர்சம்மா புண்ணைக் கழுவிக் கட்டுவார். மழை பெய்த மறுநாள் அக்கா வந்தபோது கட்டே தெரியவில்லை, கணுக்கால்வரை கரிசல் மண் அப்பியிருந்தது. பெரிய நர்சம்மா கையிலிருந்த பஞ்சை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். விரல் கறுக்கத் தொடங்கியிருந்தது.

"காலைக் கீழே வைக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, காட்டுக்கு ஏன் போனீங்க?" என்று அவர் சத்தம் போட்டார். அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "மழ பேஞ்சிருக்கு, நான் காலத் தூக்கி வச்சிக்கிட்டு ஒக்காந்தா களை யாரு எடுப்பா, நீங்க வாரியளா?"

பிஸ்கட் டப்பா

வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுத்துச் சரிபார்ப்பவள் முருகேஸ்வரி. அக்கா மாத்திரை போடுகிறாரா என்று நான் கேட்கும்போதெல்லாம், "போடுதேன்னுதான் சொல்லுதாவ" என்பாள். ஏட்டி, சொல்வதைக் கேட்காதே, மாத்திரை அட்டையைப் பார் என்று விரட்டினேன். மறுநாள் அக்காவையும் கூட்டிக்கொண்டு, ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தாள். உள்ளே நான் கொடுத்த மாத்திரையில் பாதிக்கு மேல் பத்திரமாக இருந்தது.

டாக்டர், பெரிய நர்சம்மா, செல்வி எல்லாரும் என் ஜன்னலில் கூடிவிட்டார்கள். "ஏன் அக்கா போடல?" என்று நான்தான் கேட்டேன். அக்கா மாத்திரைக் கவரை என் மூக்குக்கு நேரே நீட்டினார். காலை, இரவு, சாப்பாட்டுக்குப் பின். என் கையெழுத்து. "நீங்கதான எழுதிக் குடுத்திய? காலைல கம்மங்கூழு, ராத்திரி ரெண்டு தோச, நான் எங்க சாப்பிட்டேன்? நெல்லுச்சோறு திங்கிற அன்னைக்குத் தவறாமப் போட்டிருக்கேன்."

செல்விக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்ப ரத்தம் குடுக்க வரும்போது?" என்றாள் மெதுவாக. "ஒரு செம்பு கூழு குடிச்சிட்டு வருவேன், அம்புட்டுதான். சாப்பிடக் கூடாதுன்னுதான சொன்னிய?"

கோவில்பட்டி

நாங்கள் கண்டுபிடித்தது பத்து நாள் பிந்திவிட்டது. அக்காவைக் கோவில்பட்டி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம், அங்கே சுண்டுவிரலை எடுத்தார்கள். மற்றதெல்லாம் தப்பித்தது. பாவி, நான் பிறந்ததும் இதே மண்தான். கூழைக் குடித்துவிட்டு "இன்னும் சாப்பிடல" என்று என் அம்மாவே சொல்லுவாள். எனக்குத் தெரியாத தமிழா? அந்த அக்கா விரல் போனதில் என் பேனாவுக்குப் பங்கு உண்டு. யார் ஆறுதல் சொன்னாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

திரும்பி வந்தவர் என் ஜன்னலில் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கவரில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: காலை ஒன்று, இரவு ஒன்று, கூழோ தோசையோ எது உள்ளே போனாலும் அதற்குப் பின். எழுதியதைச் சத்தமாக வாசித்தும் காட்டினேன். அக்கா தலையாட்டிக் கேட்டுவிட்டு, ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு என் கையைத் தட்டிக்கொடுத்தார். "ஒரு வெரலுதான, அழாதிய நர்சம்மா. காலைல ரெண்டு தடவ காப்பி குடிப்பேன், அப்ப ரெண்டு மாத்திரையா?"

ஒரு காலைப் பார்க்க நாங்கள் ஆறு பேர் இருந்தோம், அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று கேட்பதற்குத்தான் அரசாங்கம் இன்னும் ஆள் போடவில்லை.