சத்தம் நின்றால் வருவேன்

“நான் மாடியில கேட்டுண்டே இருப்பேன், இனாயத். தட்டற சத்தம் வந்தா நீ வேலை பண்றேன்னு அர்த்தம். நின்னா இறங்கி வந்துடுவேன்.”

“டீ குடிக்கசொல்லோ இன்னா பண்றது மாமி?”

“ஒரு கையால குடி. இன்னொரு கையால தட்டு.”

அபயாம்பாள் மாமி சிரிக்காமல்தான் சொன்னாள். 1996 மே மாதம், கோபாலபுரத்தில், பட்டப்பகலில் நடந்தது இது. நம்பாதவர்கள் மெக்கானிக் இனாயத்தின் வலது விலாவைத் தடவிப் பார்க்கலாம். பள்ளம் இன்னும் இருக்கிறது.

மாமியின் பழைய பியட் இரண்டு வருடமாக ஷெட்டிலேயே கிடந்தது. விற்பதற்கு முன் பின்பக்க ஸ்பிரிங் பட்டையை மாற்ற வேண்டும். அதைப் பிடித்திருந்த போல்ட்டுகள் துருவேறி இறுகிப் போயிருந்தன. இனாயத் வண்டியை ஜாக்கியில் தூக்கி, முட்டுக்கொடுக்க மரக்கட்டை கேட்டான். “செங்கல் இருக்கே, அது போறாதா?” என்றாள் மாமி. செங்கல்லை அடுக்கிவிட்டு அடியில் நுழைந்தான். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டுத் தட்டினான். இரண்டு போல்ட் கழன்றன. மூன்றாவது அசையவில்லை.

அதற்கு ஒரு முழம் தள்ளி, வெறும் தகட்டில், யாரோ திரும்பத் திரும்ப அடித்த தழும்புகள் இருந்தன. அங்கே கழற்ற ஒன்றுமே இல்லை. அங்கே ஏன் அடிக்க வேண்டும்?

ஓங்கி ஓர் அடி. டங்...

உடனே இன்னொரு டங். அவன் அடிக்காதது.

எதிரொலி என்று நினைத்துக்கொண்டான்.

மணி 2.40. செங்கல் நொறுங்கியது. ஜாக்கி சாய்ந்தது. வண்டி அவன் மார்பின் மேல் உட்கார்ந்தது.

கத்த வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. வலது கை மட்டும் கொஞ்சம் அசைந்தது. சுத்தியல் இன்னும் அதில் இருந்தது. தட்டினான். அடி விழுந்த இடம்... அந்தத் தழும்புகள். கைக்கு வேறெதுவும் எட்டவில்லை.

மாடியில் மாமி போனில் பேசுவது கேட்டது. “நன்னா வேலை பண்றான்.”

அப்போதுதான் உறைத்தது. தட்டினால் வரமாட்டாள். நிறுத்தினால்தான் வருவாள். வீட்டில் மனைவி அன்வரிக்கு எட்டாவது மாதம்.

நிறுத்தினான்.

டங்... டங்...

சத்தம் நிற்கவில்லை.

காதுக்குப் பக்கத்தில். அதே தகட்டில்.

சுத்தியலைக் கீழே விட்டான்.

டங்...

“நிறுத்து... நைனா...” உதடு மட்டும் அசைந்தது.

நின்றது.

படியில் செருப்புச் சத்தம். “ஏன் நிறுத்திட்டே?”

தெருவே கூடி வண்டியைத் தூக்கியது. மூன்று விலா எலும்பு முறிவு. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த இஸ்திரிக்கார டில்லிபாபு தலையில் அடித்துக்கொண்டான்.

“அந்த வண்டிக்கடியிலயா பூந்த? டிரைவர் தங்கவேலு அதே எடத்துலதான் மாட்டிக்கினாரு. ரெண்டு வருசம் ஆவுது. ஒரு மணி நேரம் தட்டிக்கினே இருந்தாரு. வேலை செய்றாருன்னு மாமி மாடியிலயே குந்திகினு இருந்துச்சு. சத்தம் நின்னப்புறம்தான் எறங்கி வந்துச்சு.”

உடம்பு தேறியதும் இனாயத் சாமான்களை எடுக்கப் போனான். மாமி ஷெட் வாசலில் நின்றாள்.

“ஒரு போல்ட்தானே பாக்கி. முடிச்சுட்டுப் போயேன். வாங்கறவா நாளைக்கு வரா.”

வண்டி காற்றிறங்கிய டயர்களில் தரையோடு படிந்திருந்தது. அடியில் யாரும் இல்லை.

டங்... டங்...

மாமியின் முகம் வெளுத்தது.

சத்தம் நின்றது.

இரண்டு வருடமாக வெறும் தட்டலாகவே இருந்தது, அன்று வார்த்தையாக வந்தது.

“அம்மா... வண்டியக் கொஞ்சம் தூக்குங்கம்மா...”