ஹெந்தளையில் ஒரு ‘நீர்’

வேலையைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கூடிச் செய்யும் ‘அஜைல்’ முறையை மென்பொருள் குழுக்களுக்குப் பயிற்றுவிப்பது அக்காவின் தொழில். அத்தொழில் செய்வோர் கொழும்புக்கு வடக்கே ஹெந்தளைக் கடற்கரை விடுதியொன்றில் நடத்திய கற்றல் முகாமுக்கு, வெள்ளவத்தையிலிருந்து என்னையும் அழைத்துச் சென்றாள். அங்கே விரிவுரையாளர் இல்லை. வந்தவர்களே தலைப்புக் கொடுத்து அமர்வை நடத்த வேண்டும். பயனில்லை என்று கருதுபவர் இடையில் எழுந்து போகலாம். அதற்காக யாரும் மனம் நோகக்கூடாது என்பது விதி.

“இலக்கியம் படிக்கிற உனக்கு ஒரு தலைப்பும் வரேல்லையோ?” என்று அக்கா சீண்டினாள். ‘குழுவில் எல்லோரும் சமமென்றால் நீயா, நீரா, நீங்களா?’ என்று எழுதி ஒட்டினேன். சிலர் வந்தமர்ந்தார்கள். அவர்கள் கடைசிவரை இருப்பார்களா என்பதுதான் என் கவலை.

‘நீங்கள்’ விலக்கி வைக்கிறது, ‘நீ’ உறுத்துகிறது, நடுவே, ஒத்தவர்களை அழைக்க நம்மிடம் ‘நீர்’ இருக்கிறதே என்றேன்.

“மனேஜர் சேரைப் பாத்து, ‘நீர் பிழை விட்டுட்டீர்’ எண்டு சொல்லுறதோ? அடுத்த நாள் வேலை இராது!” என்றார் ஒருவர்.

எல்லோரும் சிரிக்கையில், பின்வரிசையிலிருந்த மூத்த பயிற்றுநர் எழுந்தார். விதி நினைவிருந்தும் என் வாய் முந்திக்கொண்டது.

“எங்க போறீர்?”

அக்கா நெற்றியில் கைவைத்தாள்.

“ஒரு இடமும் போகேல்ல, பிள்ளை. ஃபேன் சத்தத்தில உம்மட கதை கேக்கேல்ல.” கதிரையைத் தூக்கிவந்து என் முன்னால் போட்டு அமர்ந்தார். “இப்ப சொல்லும்.”

தேநீர் வந்த பின்பும் எங்கள் வட்டம் கலையவில்லை. அக்காதான் எழுந்து போய் எல்லோருக்கும் வடை கொண்டுவந்தாள்.