பின்சீட்டில் செண்பகவல்லி

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவர்களில் இசக்கித்துரையைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். தறிக்கு வேண்டிய நாடா, பெல்ட், பல்சக்கரம் எல்லாம் அவர் கடையில்தான் கிடைக்கும். ஆள் தங்கமான ஆள். ஆனால் அவர் மனசு உடம்போடு சேர்ந்து ஓரிடத்தில் நின்றதாகச் சரித்திரமே கிடையாது. கடையில் உட்கார்ந்து வீட்டை நினைப்பார், வீட்டில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து கடையை நினைப்பார். டீயைக் குடித்து டம்ளரையும் வைத்துவிட்டு, "டீ சொல்லி எவ்வளவு நேரமாச்சு வே?" என்று டீக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார். கோயிலில் அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து, காலைக் கடிக்கிறதே என்று மருந்து தடவிக்கொண்டிருந்த கதையும் உண்டு.

மனைவி செண்பகவல்லி இதையெல்லாம் சிரித்தே சமாளித்து வந்தாள். வினை டாக்டர் ரூபத்தில் வந்தது. ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது, மனசை ஓரிடத்தில் நிறுத்தப் பழகுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். அதே வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவசப் பயிற்சி முகாம் நடந்தது. எந்த வேலை செய்தாலும் முழு மனசையும் அதில் வையுங்கள், மூச்சைக் கவனியுங்கள் என்றார் அங்கே பேசியவர். இசக்கித்துரை அதை அப்படியே பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டதோடு விட்டாரா? பெல்ட் வாங்க வந்தவனையெல்லாம் நிற்கவைத்து மூச்சு விடச் சொன்னார். பாவம், அவனவனுக்குத் தறி நின்று கிடக்கும். வாசலில் ஆட்டோ போட்டிருக்கும் பீர் மைதீன், "அண்ணாச்சி, இன்னைக்கு மூச்சு விட்டாச்சா?" என்று கேட்காத நாளில்லை.

அந்த வெள்ளிக்கிழமை இசக்கித்துரையின் தங்கை பொன்செல்வியின் மகளுக்குக் கரிவலம்வந்தநல்லூரில் காதுகுத்து. பொன்செல்விக்கு இவர் ஒரே அண்ணன். அதாவது பிள்ளைக்கு இருக்கிற ஒரே தாய்மாமன். அவர் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும், அவர் கொண்டுவரும் கம்மலைத்தான் போட வேண்டும். பத்தரைக்கு ராகு காலம் வந்துவிடும், அதற்கு முன்னால் எல்லாம் முடிய வேண்டும்.

சீர்த்தட்டுகள் சொந்தக்காரர்களோடு வேனில் முன்னாலேயே போய்விட்டன. கம்மல் செண்பகவல்லியின் கைப்பையில் இருந்தது. இசக்கித்துரை கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் இட்லியை மென்றுகொண்டே இருந்தார். இட்லியில் முழு மனசையும் வைத்திருந்தார்.

"ஏங்க, சேல எப்படி இருக்கு?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"நல்லாருக்கு" என்றார், கண்ணைத் திறக்காமல்.

அவள் விறுக்கென்று வாசலுக்கு வந்தாள். கைப்பை நிறைந்து கிடந்ததால் தன் போனை மோட்டார் சைக்கிளின் டேங்க் உறைப் பையில் வைத்தாள். அவர் தன் போனைச் சத்தமில்லாமல் ஆக்கி அதனோடு வைத்தார். வண்டி ஓட்டும்போது கவனம் சிதறக்கூடாதாம்.

ராஜபாளையம் ரோட்டில் பெட்ரோல் பங்கில் வண்டி நின்றது. பங்கில் பின்சீட்டுக்காரர்கள் இறங்கி ஓரமாய் நிற்பது வழக்கம்தானே, செண்பகவல்லியும் இறங்கிக் காற்றடிக்கும் இடத்தில் நின்றாள். இசக்கித்துரை பெட்ரோல் விழுவதைக் கவனித்தார். மூடியைத் திருகுவதைக் கவனித்தார். மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனித்தார். அத்தனை கவனமாகக் கிளட்சைப் பிடித்து, கியரைப் போட்டு, கிளம்பிப் போயே போய்விட்டார்.

போகிற வழியெல்லாம் மனைவிக்குப் பாடம் வேறு. "மூக்கு நுனியில காத்து வந்து தொடுது பாரு செண்பகம், அத மட்டும் பாரு. மத்ததெல்லாம் தானா அடங்கிரும்." பின்னாலிருந்து பதில் இல்லை. வழக்கமாகப் பள்ளத்தில் விட்டால் ஒரு திட்டு, ஹார்ன் அடிக்காவிட்டால் ஒரு திட்டு என்று வருகிறவள், இன்று ஒரு வார்த்தை பேசவில்லையே! நாம் சொன்னதைக் கேட்டு இவளுக்கு மனசு அடங்கிவிட்டதே என்று இசக்கித்துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பொன்செல்வி வீட்டு வாசலில் மேளக்காரர்கள் தாய்மாமனைப் பார்த்ததும் வெளுத்துக் கட்டினார்கள். பொன்செல்வி ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தாள்.

"வாண்ணே! மைனி எங்க?"

"இங்கனதான்..." என்று திரும்பிப் பார்த்தார் இசக்கித்துரை. பின்சீட்டு வெயிலில் பளபளத்தது. "வழியெல்லாம் அவகிட்ட பேசிக்கிட்டேதான வந்தேன்!" என்றார்.

பொன்செல்வி பதறிப்போய் மைனிக்குப் போன் போட்டாள். அது வண்டியின் டேங்க் உறைக்குள்ளிருந்து கணகணவென்று அடித்தது. மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். மணி பத்தாகப் போகிறது, கம்மல் அவள் பையில். "வழியில எங்கயாவது விழுந்துட்டாளோ?" என்று யாரோ சொன்னதும் இசக்கித்துரை ஆரத்தித் தட்டைத் தாண்டிப் பாய்ந்தார். வண்டியைத் திருப்பி வந்த வழியே விரட்டினார். எதிரே வந்த ஆட்டோவிலிருந்து ஒரு கை நீண்டு வேகமாக ஆடியது. யாரோ தெரிந்தவர்கள் காதுகுத்துக்குப் போகிறார்கள் என்று இவரும் கையை ஆட்டிவிட்டுப் பறந்தார்.

பங்கில் பெட்ரோல் போடும் மாடத்தியிடம் மூச்சிரைக்கப் போய் நின்றார். இப்போது அந்த மூச்சைக் கவனிக்க நேரமில்லை.

"யம்மா, இங்கன என் வீட்டுக்காரி நின்னாளா?"

"எத்தனையோ பொம்பளையாளு வாராங்க அண்ணாச்சி. என்ன கலர் சேல?"

இசக்கித்துரை வாயைத் திறந்தார். பச்சையோ? நீலமோ? சேலை எப்படி இருக்கு என்று அவள் கேட்டது நினைவிருக்கிறது. நல்லாருக்கு என்று சொன்னதும் நினைவிருக்கிறது. இட்லியின் ருசிகூட நாக்கில் இருக்கிறது. சேலை மட்டும் கண்ணில் இல்லை. நடுரோட்டில் உடுப்பில்லாமல் நிற்கிற மாதிரி வெட்கமாக இருந்தது அவருக்கு.

மாடத்திக்கே பாவமாகிவிட்டது. "அரக்குக் கலர் சேலையில ஒரு அக்கா நின்னாங்க. எம் போன்லருந்து அடிச்சு அடிச்சுப் பாத்தாங்க, நீங்க எடுக்கல. கம்மல் கையில இருக்கு, நேரமாவுதுன்னு அழுதுட்டாங்க. அப்புறம் பீர் மைதீன் அண்ணன் ஆட்டோ வந்துச்சு, ஏத்தி விட்டேன். எதிர்க்க பாக்கலியா?"

"பாத்தேன் தாயி, கையும் ஆட்டுனேன்" என்று சொல்லிக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

மறுபடியும் கரிவலம்வந்தநல்லூர் போய்ச் சேர்ந்தபோது கம்மல் வந்திருந்தது, மருமகள் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு தயாராக இருந்தாள், தாய்மாமன் மட்டும்தான் பாக்கி. ராகு காலத்துக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. அவரைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து மடியில் பிள்ளையைப் போட்டார்கள். செண்பகவல்லி எதிரே மண்டியிட்டுப் பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டாள். அவர் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

அவர் பார்த்தார். அரக்குச் சேலை. கரையில் மஞ்சள் மாங்காய். கல்யாணமான முதல் தீபாவளிக்குத் தென்காசியில் கடை கடையாக ஏறி இறங்கி அவரே எடுத்துக் கொடுத்த சேலை! இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்து இன்றைக்குக் கட்டியிருக்கிறாள். அதனால்தான் கேட்டிருக்கிறாள். காதோரம் அவளுக்கு முடி நரைத்திருந்தது. எப்போது நரைத்தது? அழுததில் கண்மை இழுகியிருந்தது. ஆசாரி ஊசியை இறக்கினார், பிள்ளை வீல் என்றது, இசக்கித்துரையின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. மருமகள்மேல் என்ன பாசம் என்று கூட்டம் மெச்சிக்கொண்டது.

பந்தி முடிந்தது. செண்பகவல்லி கைப்பையை எடுத்துத் தோளில் போட்டாள்.

"நான் பஸ்ல போறேன். ஒங்க வண்டியில இனி ஏற மாட்டேன்."

"ஏட்டி, தெரியாம நடந்துபோச்சு. முதல் தீபாவளிச் சேல, அரக்கு, மாங்காய்க் கரை. எல்லாம் பாத்துட்டேன்."

"இப்பப் பாத்து என்ன செய்ய? வழியெல்லாம் என்கிட்ட பேசிக்கிட்டே போனீயளாமே. நான் இருக்கேனா இல்லியான்னுகூடத் தெரியலல்லா ஒங்களுக்கு?"

அவள் விறுவிறுவென்று பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். சங்கரன்கோவில் பஸ் வந்தது, ஜன்னலோரம் இடம் கிடைத்தது, உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

"ரெண்டு சங்கரன்கோவில்" என்ற குரல் கேட்டுக் கண்ணைத் திறந்தாள். இசக்கித்துரை டிக்கெட்டோடு உட்கார்ந்திருந்தார்.

பஸ் ஊரைத் தாண்டியது. செண்பகவல்லி திடீரென்று தலையில் கை வைத்தாள்.

"அடக் கடவுளே! ஏங்க, வண்டிய மறந்துட்டு வந்துட்டீயளே!"

"மறக்கலட்டி" என்றார் இசக்கித்துரை. "காலைல ஒன்ன விட்டுட்டுப் போனேம்லா, இப்ப அத விட்டுட்டு வந்திருக்கேன்."

செண்பகவல்லி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அவர் எட்டிப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.