வன்னியம்பட்டியில் இழுத்த கொடும்பாவி

வன்னியம்பட்டி விலக்கில் கொடும்பாவி வருகிறது. மழையைத் தடுத்த பாவி என்று ஒரு வைக்கோல் பொம்மைக்குச் சட்டை மாட்டி, ஊர் முழுக்க இழுத்துப் போகிறார்கள். பின்னால் பெண்கள் மாரடித்து அழுகிறார்கள். வெயிலில் இழுக்க ஆள் வராததால் இந்த வருஷம் பொம்மையை டிராக்டரில் கட்டியிருக்கிறார்கள். நான் வழிவிட்டுக் காரை ஓரமாக நிறுத்துகிறேன், உள்ளே ஏசி ஓடுகிறது.

ஒப்பாரியை முன்னின்று பாடும் அம்மா மூச்சு வாங்க என் கார் நிழலில் ஒதுங்குகிறார். கண்ணாடியை இறக்கி, “இந்த வெயிலுக்கு மனுஷன் விடுற புகைதாம்மா காரணம். கார், பஸ், கரண்டுக்கு எரிக்கிற நிலக்கரி, எல்லாந்தான்” என்கிறேன்.

“அப்பம் பாவி யாருன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நாங்க ஆளு தெரியாமத்தான் வைக்கலக் கட்டி இழுக்கோம்.”

அதற்குள் டிராக்டரின் ரேடியேட்டர் கொதித்து, வண்டி நின்றுவிடுகிறது. டிரைவர் கயிற்றோடு என்னிடம் வருகிறார். “சார், கோயில் வரைக்கும் ஒங்க கார்ல கட்டிக்கிடலாமா?”

தலையாட்டுகிறேன், அவர் கயிற்றைக் காரின் பின்னால் கட்டுகிறார். பொம்மையை இழுத்தபடி மெல்ல ஊர்கிறேன். பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்கிறது.

“ஏட்டி, சத்தமா அழுங்க! இந்த வருசம் ரெண்டு கொடும்பாவி போவுது!”