நான் மூழ்கடித்த பட்டினம்

மிதிக்காத பாத்தியில் உப்பு விளையாது. மழைக்காலம் முடிந்ததும் பாத்தியின் களிமண் தரை ஊறி இளகிக் கிடக்கும். பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, குதிகாலால் மிதித்து மிதித்து அதைத் தட்டுப் போல இறுக்க வேண்டும். நடுவில் யாராவது ஒருத்தி காலை நிறுத்தினால் அந்த இடம் மேடு தட்டிவிடும். கால் நிற்காமல் இருக்க ஒரு வாய் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மரக்காணம் உப்பளத்தில் எங்கள் வரிசைக்கு ஓடிய வாய் என்னுடையது. பெருமையாகத்தான் சொல்கிறேன். பக்கத்துப் பாத்தியில் மிதிப்பவர்களும் காதை எங்கள் பக்கம்தான் வைத்திருப்பார்கள்.

மிதிக்கும்போது மண்ணுக்குள்ளிருந்து ஓட்டாஞ்சில்லு வரும். வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு. இங்கே ஒரு காலத்தில் பட்டினம் இருந்தது, கப்பல் வந்தது, பிறகு வாய்க்கால் மண் மேடிட்டுக் கப்பல் நின்றுபோனது, ஜனங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள் என்று ஒருமுறை படித்தவர்கள் வந்து சொன்னார்கள். மண் மேடிட்டுச் செத்துப்போன ஊரைச் சொன்னால் யார் கேட்பார்கள்? அதனால் நான் ஒரு பட்டினத்தைக் கட்டினேன்.

என் பட்டினத்தில் தெருக்கள் நூல் பிடித்தது போல நேராக இருந்தன. சுண்ணாம்பு பூசிய வெள்ளை வீடுகள், மதில் மேல் சாய்ந்த காகிதப்பூ, கடலோரத்தில் உயரமான விளக்கு. உண்மையில் அது பாண்டிச்சேரி. நான் பார்த்த நகரம் அது ஒன்றுதான், அதுவும் ஆஸ்பத்திரிக்குப் போன மூன்று முறை. சிலையையும் போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியையும் எடுத்துவிட்டு ராஜாவையும் யானையையும் வைத்தேன். பொருத்தமாகவே இருந்தது.

எனக்கு எழுத்தும் தெரியும். நாற்பது வயதுக்கு மேல், ஊரில் பெரியவர்களுக்கு நடந்த வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். எங்கள் வரிசையில் வேறு யாருக்கும் தெரியாது. பஸ்ஸின் போர்டைப் பார்த்து, இது திண்டிவனம், அது பாண்டி என்று சொல்லும் ஆள் நான்தான். நான் கூட்டிப் படிப்பதற்குள் சில நேரம் பஸ் போய்விடும், அது வேறு விஷயம்.

என் வலப்பக்கத்தில் மிதிப்பவள் என் சிநேகிதி. இருவரும் ஒரே வருடம் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தோம். அவள் வீட்டு ஆண்களுக்கு மூன்று தலைமுறையாக மதகு வேலை. உப்பங்கழியிலிருந்து உப்புத்தண்ணீர் வாய்க்காலில் ஏறும் இடத்தில் ஒரு மதகு இருக்கிறது. அதன் பலகையை எப்போது தூக்க வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். புருஷன் போன பிறகு அவள் மகன் அதைப் பார்த்தான். நாற்பது வயதை நெருங்கியவன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன்.

இரண்டாயிரத்து நாலு, தை மாத மிதிப்பு. என் கதையில் அன்று ராஜா யானை மேல் ஏறிக்கொண்டிருந்தார். அப்போது சிநேகிதியின் குதிகாலில் ஏதோ குத்தியது. குனிந்து எடுத்தாள். பச்சை நிறத்தில் ஒரு மணி, நடுவில் துளை. வரிசையே கலைந்து அவளைச் சூழ்ந்துகொண்டது. உப்பளத்துக் குத்தகைக்காரர்கூட மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். ராஜா யானை மேல் பாதியில் தொங்கினார். "அப்புறம் இன்னா ஆச்சு பெரிம்மா?" என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை.

மறுநாள் நானே ஆரம்பித்தேன்.

"அந்த மணி யாருதுன்னு தெரியுமா? பட்டினத்து மதகுக்காரன் பொண்டாட்டியுது. எதிரி ராஜாகிட்ட மணிமாலை வாங்கிக்கினு, புருஷனை வுட்டுப் பலகையைத் தூக்க வெச்சா. கடல் உள்ள பூந்து பட்டினமே முழுகிப்போச்சு. அந்த வம்சம் இன்னும் இருக்குது. அவங்க கை பட்ட மதகு இன்னொரு நாளும் கடலைக் கூட்டியாரும்."

"நெசமாவா பெரிம்மா?"

"கோயில் சுவத்துல வெட்டியிருக்குதுடி. நான் படிச்சேன்."

சுவரில் எழுத்து இருப்பது எல்லோருக்கும் தெரியும். அது பழைய எழுத்து. அதில் ஒரு எழுத்துகூட எனக்குத் தெரியாது. சிநேகிதி மட்டும் காலை நிறுத்தாமல் சிரித்தாள். "நல்லாத்தான் கட்டுறடி பட்டினம்" என்றாள்.

அந்த வருட மார்கழியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கடல் உள்ளே வந்தது. மீனவர்கள் குடியிருந்த பக்கம் அழுகை ஓய நாளாயிற்று. உப்பளத்தில் அன்று வேலை இல்லாததால் நாங்கள் தப்பித்தோம். பாத்திகளெல்லாம் கறுப்புச் சேறு. வாய்க்காலைக் கழுவிவிட வேண்டும் என்று சிநேகிதியின் மகன் அன்று காலையில் பலகையைத் தூக்கி வைத்திருந்தான். வந்த தண்ணீருக்கு மதகு திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன? அது கரைக்கு மேலேயே வந்தது. ஆனால் பலகை தூக்கியிருந்ததை நாலு பேர் பார்த்திருந்தார்கள்.

சேற்றை வாரி முடித்து மறுபடி மிதிக்கப் போன நாளில் எங்கள் வரிசை மதகருகே நின்றுவிட்டது.

"அவன் தூக்குற தண்ணி எங்களுக்கு வாணாம் சார்" என்றாள் எங்களில் வயதில் சிறியவள்.

"அவன் இன்னாம்மா பண்ணான்?" என்றார் குத்தகைக்காரர்.

"சுவத்துலயே எழுதியிருக்குது. பெரிம்மா படிச்சிருக்காங்க, கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சிநேகிதியும் பார்த்தாள். அவள் மகன் பலகையைப் பிடித்தபடி நின்றான். பொய் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் சுவரைப் படித்தவள் என்ற பேர் போய்விடும். அதற்குப் பிறகு பஸ் போர்டைக்கூட என்னிடம் யார் கேட்பார்கள்?

"பழைய எழுத்து சார். சரியா நெனப்பில்ல" என்றேன்.

அது போதுமாக இருந்தது. குத்தகைக்காரருக்குக் கதையில் நம்பிக்கை இல்லை. ஆனால் மிதிக்கிற நாள் தவறினால் அந்த வருட உப்பு தவறிவிடும். அவர் மதகுக்கு வேறு ஆள் போட்டார். சிநேகிதியின் மகன் வெள்ளைக்காரர்கள் குடியிருக்கும் ஆரோவில்லில் தோட்ட வேலைக்குப் போனான். மூன்று தலைமுறையாக ஒரு உப்பங்கழியையே கையில் வைத்திருந்த வீட்டுப் பிள்ளை, ரப்பர் குழாயைப் பிடித்துச் செடிக்குத் தண்ணீர் விட்டான். தினமும் காலையில் பஸ்ஸுக்கு நிற்பான். பிறகு பெண்டாட்டி பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அங்கேயே குடிபோய்விட்டான். ஊர் காலியாவதைப் பற்றிப் படித்தவர்கள் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடல் ஏற வேண்டியதில்லை. ஒரு வீடு பஸ் ஏறினால் போதும். இந்த வீட்டை ஏற்றிவிட்டவள் நான்.

சிநேகிதி போகவில்லை. அந்தப் பருவம் முழுக்க என் வலப்பக்கத்திலேயே மிதித்தாள். என் தோளில் இருந்த அவள் கை அதற்கு முன் அவ்வளவு கனத்ததில்லை.

இரண்டாயிரத்து ஆறு, தை. பாத்தியில் இறங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"அந்த மதகுக்காரி கதை நானா கட்டுனது. சுவத்துல அப்படி எதுவும் இல்ல. எனக்கு அந்த எழுத்து படிக்கவும் தெரியாது."

சிறியவள் சிரித்துவிட்டாள். "சிநேகிதிக்காக எம்மாம் பெரிய பொய் சொல்றீங்க பெரிம்மா! உங்களுக்கா படிக்கத் தெரியாது?"

அந்த வெள்ளிக்கிழமை வரிசை முழுவதையும் கோயிலுக்கு அழைத்துப் போனேன். சுவரில் என்ன இருக்கிறது என்று குருக்களையே கேட்டேன். "கோயில் விளக்குக்கு உப்பளத்தைத் தானமா எழுதி வெச்சிருக்கா. வேற ஒண்ணுமில்லம்மா" என்றார் அவர்.

"அப்ப அது வேற சுவத்துல இருக்கும் சாமி" என்றாள் சிறியவள். வெளியே வந்ததும், "அவரு எல்லாச் சுவத்தையும் படிச்சிருப்பாரா இன்னா?" என்று மற்றவர்களிடம் கேட்டாள். அவர்கள் தலையாட்டினார்கள்.

திரும்பும்போது நானும் சிநேகிதியும் பின்தங்கி நடந்தோம்.

"அந்த மணியைப் பார்த்து எனக்கு வயித்தெரிச்சல்டி. அதான் அப்படிச் சொன்னேன்" என்றேன்.

"தெரியும். பஸ் போர்டு படிக்கவே உனக்கு அரை நாளாவுது. நீ எங்க சுவத்தைப் படிச்ச?"

"தெரிஞ்சும் ஏண்டி சும்மா இருந்த?"

"நான் சொன்னா எவ நம்புவா? என் புள்ளைக்காகச் சொல்றேன்னுவாங்க. நீ சொல்லணும். மதகாண்ட அன்னிக்கு அத்தினி பேரும் உன் வாயைத்தான பார்த்தாங்க? அப்ப சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் ஓட்டாஞ்சில்லு கிடக்கிறதா என்று பார்ப்பவள் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

அதற்குப் பிறகு நான் கதை சொல்லவில்லை. வரிசைக்கு வாய் வேண்டும், சிறியவள் எடுத்துக்கொண்டாள். அவள் சொல்வது என் பட்டினத்தைத்தான். நேரான தெரு, வெள்ளை வீடு, யானை எல்லாம் அப்படியே. மணிமாலை மட்டும் இப்போது ஏழு சரமாகிவிட்டது. ஒருநாள் கடைசியில் புதிதாக ஒன்றைச் சேர்த்தாள்.

"அந்த வம்சத்துக் கடைசி ஆளு வெள்ளக்காரங்க ஊருக்குள்ள போய் ஒளிஞ்சிக்கினான்."

"அப்படியில்லடி" என்று நான் நின்றுவிட்டேன்.

"உங்களுக்கு வயசாயிடுச்சு பெரிம்மா, மறந்துட்டீங்க" என்றாள் அவள் பிரியமாக.

என் தோளில் இருந்த கை ஒருமுறை அழுத்தியது.

"காலை நிறுத்தாதடி, மேடு தட்டும்" என்றாள் சிநேகிதி. நான் மிதித்தேன்.