பெண் பார்த்த அன்று வாசித்த மெட்டு

'உங்களைப் பாதித்த இசை எது?' என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், கவின்ராஜ் கிட்டாரைச் சுருதி சேர்க்க ஆரம்பித்துவிடுவான். சரியாக இருக்கும் கம்பியை முறுக்கி, தளர்த்தி, பழைய இடத்துக்கே கொண்டுவருவான். குனிந்த தலையோடு ஏழெட்டு வெளிநாட்டு ராக் குழுக்களின் பெயர்களைக் கடகடவென்று ஒப்பிப்பான். அதில் பாதியை அவன் கேட்டதேயில்லை என்பது என் அபிப்பிராயம்.

வயது இருபத்தொன்பது. வார நாட்களில் மைசூர் விஜயநகர் வீடுகளில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின்களைப் பழுதுபார்க்கிறான். வீட்டுக்காரம்மா தரும் காபியை நின்றுகொண்டேதான் குடிப்பான். உட்காரச் சொன்னால், "பேன்ட் ஈரமுங்க" என்பான். பேன்ட் காய்ந்துதான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டி மொஹல்லாவில் ஒரு மிளகாய்க் கடையின் மாடியில் ஒத்திகை. 'லோ வோல்டேஜ்' என்கிற மூன்று பேர் ஆல்டர்நேட்டிவ் ராக் குழு. கீழே மூட்டை பிரித்தால் மேலே பாட்டு நிற்கும். பாடகி சைத்ரா தும்மித் தும்மிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கன்னடம் கலந்த தமிழில், "ஏ குரு, நம்ம பாட்டைக் கேட்டு ஜனங்க அழறாங்களோ இல்லியோ, நான் டெய்லி அழறேன் கணோ" என்பாள். கவின்ராஜ் சிரிக்காமல் ஜன்னலைச் சாத்துவான்.

இவர்களுக்கு ஓரளவு பெயர் வாங்கித் தந்தது ஒரே ஒரு பாட்டு. அதன் ஆரம்பத்தில் கிட்டாரில் பதினாறு தாள அடிக்கு ஒரு மெட்டு வரும். சோம்பேறித்தனமாக, எங்கோ கீழே இழுத்துக்கொண்டு போகும். இணையத்தில் ஒரு விமரிசகர் இந்த மந்த கதிக்கு அமெரிக்காவில் வேர் கண்டுபிடித்து நாலு பக்கம் எழுதியிருக்கிறார். பத்திரிகைக்கு எழுதுகிற நானும் அதை நம்பி, கட்டுரையோடு போய் அவனை அக்ரஹாரத்தில் ஒரு ஓட்டலில் உட்காரவைத்தேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தான்.

"அமெரிக்காவுமில்ல ஒண்ணுமில்லீங்க. பேட்டரி தீந்து போச்சுங்க, அவ்வளவுதான்."

பிறகு, இட்லி ஆறும் வரை பேசினான். தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூருக்குப் பக்கத்தில் வீடு. அப்பா மல்லப்பன் மஞ்சளும் சோளமும் போட்டவர். வீட்டில் ஒரு டேப் ரிக்கார்டர். தீர்ந்த பேட்டரியை வெயிலில் காயவைத்து மறுபடியும் போடுவார்கள். பாட்டு அரை வேகத்தில், கனத்த குரலில் ஓடும். அதைக் கேட்டுக் கேட்டுக் கிட்டார் பழகியவள் அவன் அக்கா தமிழ்ப்ரியா. மைசூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது பழைய கிட்டார் ஒன்றை வாங்கிவந்தவளும் அவள்தான். அந்தப் பதினாறு அடி அவளே கட்டிய மெட்டு.

அவளுக்கு இருபது வயதில் மைசூர் வரன் வந்தது. பாட்டு, கூத்து என்று போகிற பெண் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டில் முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார்கள். "கிட்டாரைப் பத்திக் கேட்டா பையனுதுன்னு சொல்லீர்லாம்" என்றார் மல்லப்பன். பையனுக்கு அப்போது பதினாலு வயது. வாசிக்கச் சொன்னால் என்ன செய்வது? எட்டு நாள் அவகாசம். மாட்டுக் கொட்டகையில் வைத்து அக்கா அவனுக்கு அந்த ஒரு மெட்டை மட்டும் சொல்லிக்கொடுத்தாள். விரல் கொப்பளித்து அவன் அழுதபோது, "அழுவாதடா சாமி. நீ வாசிச்சீன்னா நான் மைசூருக்குப் போயிருவேன். அங்க போயி நான் வேற வாங்கிக்குவேன்" என்றாளாம்.

பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள். "என்னுதுங்க" என்றான். வாசித்தான். மாப்பிள்ளையின் அம்மா நஞ்சம்மா, பெண்ணின் இடக்கையைப் பிடித்து, விரல் நுனிகள் காய்த்திருப்பதைத் தடவிப் பார்த்து, "வேல செய்யற கைங்க" என்று எல்லோருக்கும் காட்டினார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

அவள் மைசூருக்கு வந்து பதினைந்து வருடமாகிறது. வேறு கிட்டார் வாங்கவில்லை.

"அன்னிக்குச் சொன்ன பொய்யி வூட்டுக்குள்ள. இப்ப மைக்கு வெச்சுச் சொல்லீட்டிருக்கேன். போஸ்டர்ல எம்பேருதான் போடறாங்க. அக்கா அத போன்ல எனக்கே அனுப்பி, சூப்பர்டாங்கறா. எங்கீங்க மூஞ்சிய வெக்கறது?" இதைச் சொல்லும்போது அவன் காது சிவந்துவிட்டது. பேர்களை மாற்றி எழுதச் சம்மதித்தான், மாற்றியிருக்கிறேன். அதோடு என் பொறுப்பு தீர்ந்தது என்று நினைத்தேன் பாருங்கள், அதற்கு இப்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஏனென்றால் போன மாதம் விஜயநகரில் ஒரு சின்ன அரங்கில் அவர்கள் கச்சேரி. நடுவே நான் கேள்வி கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. இடப்பக்கம் மூன்றாவது வரிசையில் தமிழ்ப்ரியா. பக்கத்தில் நஞ்சம்மா, பட்டுப் புடவையில். மேடை ஏறுமுன் கவின்ராஜ் என் கையைப் பிடித்து, "அந்தக் கேள்வியக் கேட்ருங்க. இன்னிக்குச் சொல்லீர்றேன்" என்றான். அக்காவிடம் கேட்டாயா என்று நான் கேட்கவில்லை. நல்ல கட்டுரை கிடைக்கிற அவசரம் எனக்கு.

கேட்டேன். அந்த மெட்டு எப்படி வந்தது? அவன் சுருதி சேர்க்கவில்லை. மைக்கைப் பிடித்து, "அது வந்துங்க..." என்று ஆரம்பித்தான். அதற்குள் நஞ்சம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"எனக்குத் தெரியுமுங்க! நாங்க பொண்ணு பாக்கப் போனப்பவே இத வாசிச்சுக் காட்டுனான். இத்தனூண்டுப் பையன். கேட்டுப் பாருங்க!"

அரங்கம் சிரித்தது. கவின்ராஜ் அக்காவைப் பார்த்தான். தமிழ்ப்ரியா மாமியாரின் புடவை முந்தானை நாற்காலியில் மாட்டிக்கொண்டதை விடுவித்துக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள். கண்ணைச் சிமிட்டாமல் தம்பியைப் பார்த்தாள். வேண்டாம் என்கிறாளா, சொல் என்கிறாளா, எனக்குப் புரியவில்லை. அவனுக்குப் புரிந்ததா என்றும் தெரியவில்லை.

"ஆமாங்கத்தை," என்றான். "அன்னிக்குத்தான் மொதல்ல வாசிச்சேன்."

முதலில் கைதட்டியவள் தமிழ்ப்ரியா. பிறகு எல்லோரும். கவின்ராஜ் மைக்கை வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் கூப்பி, அக்கா இருந்த இடப்பக்கம் திரும்பாமல், வலப்பக்கம் இருந்தவர்களைப் பார்த்து மட்டும் கும்பிட்டான்.