கட்டிலுக்கடியில் பூசணி

தெருவார் பங்கு போட்டு நடத்திய கூட்டுறவு மளிகைக் கடைக்கு அவள் பொறுப்பாளர். எல்லார்க்கும் தராசக்கா. முள் நிலைகொள்ளும் வரை மூச்சையும் அடக்கிக்கொண்டு நிறுப்பவள்.

அவ்வாண்டு பூசணி அளவிறந்து விளைந்தது. ஆற்றோரத் தோட்டக்காரி வண்டி வண்டியாய்க் கொண்டுவந்து இறக்கினாள். விளைவதையெல்லாம் எடுத்துக்கொள்வதாக, விதைப்புக்கு முன்பே தராசக்கா அவளுக்கு வாக்களித்திருந்தாள். உறுப்பினர் கூட்டத்தில், அதே தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த ஸ்டூடியோக்காரர் எழுந்தார்.

“பூசணியப் பாத்தாலே எங்க வீட்டுப் புள்ள ஓடி ஒளியுதுக்கா! லாரியில வர்ற காய் விலையும் கம்மி. இத நிறுத்திடுவோம்.”

“நிறுத்தினா அவ நிலத்த செங்கல் சூளைக்குக் குடுத்துடுவா. மண்ணையே வெட்டி எடுத்தப்புறம் அங்க என்ன தம்பி முளைக்கும்?”

“லாரிதான் இருக்கேக்கா.”

“லாரி வராத அன்னிக்கு?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கடைக்கு இனிப் பூசணி வேண்டாம்; அடுத்த போகத்தைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. தோட்டக்காரியின் முகம் வாடியது. அதுவரை சூளைக்காரனுக்குப் பதில் சொல்லாதே என்று அவளிடம் கேட்டுக்கொண்ட தராசக்கா, இறக்கிய காய்களைத் தன் பொறுப்பில் வாங்கி வீட்டுக்கு அனுப்பினாள்.

தையல்காரரான அவள் கணவர் மாலையில் கதவைத் திறந்து திகைத்தார். கட்டிலுக்கடியில், பரண்மேல், தையல் எந்திரத்தின் காலிடுக்கில், எங்கும் பூசணி.

“நான் எங்கம்மா படுக்கறது?”

“ஓரமாப் படுங்க. காம்ப மட்டும் ஒடச்சிடாதீங்க, அழுகிடும்.”

ஒன்றோடொன்று உரசாமல் சாக்கு விரித்து அடுக்கினாள். வாரந்தோறும் புரட்டிப் பார்த்து, கன்றியதைப் பிரித்து உடனே சமைத்தாள். கணவர் முணுமுணுத்தபடியே உண்டார்.

மழை வலுத்தது. பாலம் இடிந்து விழ, லாரிகள் அக்கரையிலேயே நின்றன. சந்தை வெறிச்சோடியது. பூசணிகள் வீட்டிலிருந்து கடைக்கு வந்தன. வரிசை தெருமுனையைத் தாண்டியது.

“பங்குதாரனுக்கு முழுசா ஒண்ணு தரக்கூடாதாக்கா?” என்றார் ஸ்டூடியோக்காரர்.

“கடைசில நிக்கறவங்களுக்கு என்ன குடுக்க? ஆமா, உங்க புள்ள ஓடி ஒளியுமே?”

“இப்ப தேடி ஓடி வருதுக்கா!”

அவளும் சிரித்துவிட்டாள். கீற்று மட்டும் எல்லார்க்கும் ஒரே அளவே. அறுத்த ஒவ்வொரு காயிலிருந்தும் விதைகளை வழித்தெடுத்து, கழுவி, கணவரின் வெட்டுத்துணிகளில் பரப்பி உலர்த்தினாள்.

பாலம் சீரானது, லாரிகளும் திரும்பின. அவற்றோடு மறதியும் வந்துவிடுமோ என்ற கலக்கத்துடனேயே தராசக்கா அடுத்த கூட்டத்துக்குப் போனாள். தோட்டக்காரி வாசலிலேயே நின்றாள்.

ஸ்டூடியோக்காரர் எழுந்தார்.

“அக்கா வீட்டுக் கட்டில் இனி தூங்கறதுக்கு மட்டும் இருக்கட்டும். கடைக்குப் பின்னால நாமளே சேர்ந்து ஒரு கிடங்கு கட்டுவோம். விளையறத எடுத்துக்குவோம். ஆனா ஒண்ணு...”

“என்ன தம்பி?”

“பூசணியோட சேனை, வெங்காயமும் போடச் சொல்லுங்க. எங்க வீட்டுப் புள்ளையும் பாவம்ல!”

சிரிப்பினூடே கைகள் உயர்ந்தன. தராசக்கா எழுந்து வாசலுக்குப் போனாள். பூப்போட்ட வெட்டுத்துணியில் கட்டிய விதைமுடிச்சைத் தோட்டக்காரியின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

“சூளைக்காரன் கேட்டா என்னக்கா சொல்ல?”

“நிலம் காலியா இல்லன்னு சொல்லு. போ, மண்ணு ஈரம் காயறதுக்குள்ள போடு.”